பிடிக்காதவளுக்கும் உண்டு கூலி

விடியுமுன் வந்து, வாடகை நாற்காலிகளைத் தம் கையாலேயே துடைத்து வரிசைப்படுத்திவிட்டு, ஒன்றுமே செய்யாதவர்போல் தலைமை இருக்கையில் அமர்ந்திருக்கும் எங்கள் சங்கத் தலைவர், அண்ணன் கனகராஜ் அவர்களே!

நாங்கள் இன்று நிற்கும் இடத்தில் எங்களுக்கு முன்னால் நின்று, நின்று நின்றே கால் நரம்பு சுருண்டு, எங்களுக்காக வழக்காடி வாய் வறண்டு, இன்று முதல் வரிசையில் வீற்றிருக்கும் மூத்தோரே! பிள்ளைக்குச் சோறு கட்டி, பெரியவருக்கு மாத்திரை எடுத்து வைத்து, ஈரக் கூந்தலை முடிந்துகொண்டே ரயிலேறி, சைதாப்பேட்டை நிலையத்தின் படிகளில் மூச்சிரைக்க இறங்கி வந்திருக்கும் தாய்மாரே! பிரித்த சேலையை மடித்து, மடித்த சேலையைப் பிரித்து, விரித்த விரல்களில் ரேகை தேய்ந்துபோன என் தங்கையரே! தூணோரம் சாய்ந்தபடி, இந்தம்மா எப்போது முடிப்பார், டீ எப்போது வரும் என்று கவலையோடு காத்திருக்கும் தம்பிமாரே! உங்கள் அத்தனை பேரையும் இந்தப் புதன்கிழமைக் காலையில் கைகூப்பி வணங்குகிறேன்.

டீ வரும், தம்பி. சொல்லியாகிவிட்டது. பிஸ்கட்டும் வரும்.

கடை திறப்பதற்குள் முடித்துவிட வேண்டும் என்று தலைவர் என் காதில் ஓதியிருக்கிறார். தலைவர் எனக்குக் கொடுத்த தலைப்பு "உழைப்பும் உயர்வும்". நல்ல தலைப்பு. நாவுக்கு இனிய தலைப்பு. ஆனால், தலைவரே, பொறுத்தருள வேண்டும். நான் உயர்வைப் பற்றிப் பேச வரவில்லை. உயராமலே போன ஒரு சம்பளத்தைப் பற்றிப் பேச வந்திருக்கிறேன்.

என் பெயர் தங்கம். திசையன்விளைப் பக்கம் எங்கள் ஊர். பள்ளிக்கூடப் பேச்சுப் போட்டியில் வாங்கிய ஒரு எவர்சில்வர் டிபன் பெட்டியோடு தியாகராய நகருக்கு வந்து, ஒரு பெரிய ஜவுளிக்கடையில் சேர்ந்து, அந்தக் கடையின் விடுதியிலேயே தங்கி, சேலைப் பிரிவில் தொடங்கி, இன்று பில் போடும் மேசையில் உட்கார்ந்திருக்கிறேன். கடையின் பெயர் எதற்கு? நீங்கள் வேலை பார்க்கும் கடையைப் போன்ற கடைதான். வாசலில் குளிரும் காற்று வரும். உள்ளே வேலை செய்பவருக்கு வியர்வை வரும்.

அந்தக் கடையில் பட்டுப் பிரிவில் ஒருவர் இருந்தார். பெயர் கமர் ஜஹான். ராயப்பேட்டைக்காரர். கணவர் ஆசிஃப், சிந்தாதிரிப்பேட்டையில் ஒரு சிறிய அச்சகத்தில் வேலை. ஒரே மகள் அதீபா. நான் கடைக்கு வந்த புதிதில் சேலையைத் தோளில் போட்டுக் காட்டக் கைநடுங்கி நின்றபோது, பின்னால் வந்து என் கையைப் பிடித்து, "இன்னாத்துக்கு நடுங்குற? சேல இன்னா பாம்பா? அது உன்ன கடிக்காதும்மா, நீதான் அத்த கசக்குற" என்று சொல்லிச் சிரித்தவர் அவர்தான்.

அவர் விற்பனை செய்வதை நீங்கள் பார்த்திருக்க வேண்டும்! ஒருநாள் மயிலாப்பூரிலிருந்து ஒரு தாயும் மகளும் வந்தார்கள். மகளுக்குக் கல்யாணம். தாய்க்கு மாம்பழ மஞ்சள்தான் வேண்டும். மகளுக்குப் பாசிப் பச்சைதான் வேண்டும். அரைமணி நேரம் அடக்கிப் பேசியவர்கள், பிறகு அடக்காமல் பேசத் தொடங்கினார்கள். நாங்கள் எல்லாம் ஒதுங்கி நின்றோம். கமர் அக்கா இரண்டு சேலைகளையும் இரண்டு தோள்களில் போட்டுக்கொண்டு நடுவில் போய் நின்றார்.

"அம்மா, கல்யாணம் யாருக்கு? உங்களுக்கா, பாப்பாவுக்கா?"

"அவளுக்குத்தான்."

"அப்போ பச்ச பாப்பாவுக்கு. பொண்ண பெத்து, வளத்து, இந்த வயசுலயும் அவகூட சண்டை போட தெம்பு வச்சிக்கினு கீறீங்களே, அதுக்கு மஞ்சள் உங்களுக்கு. ரெண்டு பேரும் பக்கத்துல பக்கத்துல நின்னா போட்டோ எப்டி கீது பாருங்க!"

தாய் சிரித்தார். மகள் சிரித்தார். இரண்டு சேலையும் பில்லுக்குப் போயின. அடுத்த ஆண்டு வளைகாப்புக்கு அதே தாய் வந்து, "ராயப்பேட்டை அம்மா எங்கே?" என்று கேட்டுக்கொண்டே மாடி ஏறினார்.

அப்படிப்பட்டவர். கலகலப்பானவர். கைராசிக்காரர். அப்படிப்பட்டவருக்கு என்ன குறை வந்திருக்க முடியும்?

வந்தது. இராகவேந்திரன் என்ற பெயரில் ஒரு புதிய ஃப்ளோர் மேனேஜர் வந்தார்.

உடனே "ஓ" என்று கூச்சல் போடாதீர்கள். அவர் கொடியவர் என்று நான் சொன்னால் உங்களுக்குக் கேட்க எளிதாக இருக்கும். எனக்கும் சொல்ல எளிதாக இருக்கும். ஆனால் உண்மை அவ்வளவு எளிதாக இல்லையே! காவலாளியின் மனைவிக்கு அறுவைச் சிகிச்சை என்றபோது, முதலாளியிடம் நின்று வாதாடி உதவி வாங்கித் தந்தவர் அவர். பொங்கலுக்கு ஊருக்குப் போகும் விடுதிப் பெண்களைத் தாமே பேருந்தில் ஏற்றிவிட்டு வந்தவர் அவர். எங்களிடமெல்லாம் நன்றாகத்தான் இருந்தார். கமர் அக்காவைக் கண்டால் மட்டும் அவருக்குள் ஏதோ ஒரு கதவு சாத்திக்கொள்ளும்.

ஏன்? மதமா? அதைத்தானே நினைக்கிறீர்கள்? நானும் நினைத்தேன். ஆனால் தையல் பிரிவில் பீர் முஹம்மது அண்ணன் இருந்தார். மேனேஜருக்கு அவர் இல்லாமல் மதியச் சாப்பாடு இறங்காது. அப்படியானால், திறமை கண்ட பொறாமையா? அவர் எதற்கு ஒரு விற்பனைப் பெண்ணைக் கண்டு பொறாமைப்பட வேண்டும்? வந்த முதல் நாள் காலைக் கூட்டத்தில், பெயர்களை வாசிக்கும்போது "கமலா" என்று கூப்பிட்டார். அக்கா, "கமலா இல்ல சார், கமர். நெலான்னு அர்த்தம்" என்றார். எல்லாரும் சிரித்தோம். அதுதான் காரணமோ என்று பிற்காலத்தில் நாங்கள் ஆராய்ச்சி செய்ததுண்டு. ஒரு பெயரைத் திருத்தியதற்காகவா ஒருவர் வாழ்க்கையைத் திருகுவார்கள்? எங்களுக்குத் தெரியவில்லை. அக்காவுக்கும் தெரியவில்லை.

ஆண்டுக்கு ஒருமுறை, சித்திரை பிறந்ததும், கண்ணாடி அறைக்குள் ஒவ்வொருவராகக் கூப்பிட்டு இன்கிரிமென்ட் சொல்வார்கள். யாருக்கு எவ்வளவு என்று எழுதுவது மேனேஜரின் பேனா. அந்தப் பேனா கமர் அக்காவின் பெயருக்கு வரும்போது மட்டும் மை வற்றிவிடும். முதல் ஆண்டு, போகட்டும் என்றிருந்தார். இரண்டாம் ஆண்டு, புதியவர்தானே, புரிந்துகொள்வார் என்றிருந்தார். அதற்கடுத்த ஆண்டு, அக்காவிடம் தொழில் கற்ற ஒரு பெண், அக்காவைவிடக் கூடுதல் சம்பளத்தோடு அந்த அறையிலிருந்து வெளியே வந்தாள். அந்தப் பெண் வேறு யாருமில்லை. உங்கள் முன் நிற்கிறேனே, நான்தான்.

நான் நேரே அக்காவிடம் போனேன். சொல்லும்போதே அழுதுவிட்டேன். அவர் என் முந்தானையால் என் மூக்கைத் துடைத்துவிட்டு என்ன சொன்னார் தெரியுமா?

"நீ இன்னாத்துக்கும்மா அழுவுற? உனுக்கு ஜாஸ்தி குடுக்கல. எனுக்குத்தான் கம்மியா குடுத்துகினு கீறாங்க. நான் போய் கேக்கறேன்."

கேட்டார். கண்ணாடிக் கதவு பாதி திறந்திருந்தது; எங்களுக்கெல்லாம் கேட்டது.

"சார், நான் இன்னா தப்பு பண்ணேன்னு சொன்னா திருத்திக்குவேன்."

"தப்புன்னு ஒண்ணும் இல்லம்மா. உன் ஆட்டிட்யூடு கொஞ்சம் சரியில்ல. அதை மாத்திக்கோ. பார்க்கலாம்."

ஆட்டிட்யூடு! ஆகா, என்ன அருமையான சொல்! அதை அளக்கக் கோல் உண்டா? நிறுக்கத் தராசு உண்டா? சேலையில் கறை இருந்தால் எடுத்துக் காட்டலாம். நூல் பிரிந்திருந்தால் தொட்டுக் காட்டலாம். ஆட்டிட்யூடில் இருக்கும் ஓட்டையை எங்கே தொட்டுக் காட்டுவது? இல்லாத குற்றத்தை இருக்கிறதென்று சொல்லிவிட்டால், அதை இல்லையென்று எப்படி நிரூபிப்பது? சிரிக்கிறீர்கள். பின்வரிசையில் சிலர் சிரிக்கவில்லை. அவர்களிடமும் யாரோ அந்தச் சொல்லைச் சொல்லியிருக்கிறார்கள்.

அன்று வீட்டுக்குப் போய், பள்ளியில் படித்துக்கொண்டிருந்த மகளிடம் கேட்டிருக்கிறார். "அதீபா, ஆட்டிட்யூடுன்னா இன்னாடி?" "நாம நடந்துக்கற விதம் அம்மி" என்றிருக்கிறாள் குழந்தை. "ஓ, அவ்ளோதானே" என்றிருக்கிறார் தாய். மறுநாளிலிருந்து தம் நடையை மாற்றத் தொடங்கினார்.

தாய்மாரே, அதை நான் கண்ணால் கண்டேன். ஒரு மனுஷி தன்னைத் தானே அவிழ்த்து மடிப்பதைக் கண்டேன். முதலில் சிரிப்பைக் குறைத்தார். பிறகு பேச்சைக் குறைத்தார். "இன்னா சார்" என்பதை விட்டுவிட்டு "எஸ் சார்" என்று பழகினார். ரம்ஜானுக்கு எங்களுக்கெல்லாம் டப்பாவில் கொண்டுவரும் சேமியா பாயசத்தை, மேனேஜருக்கு மட்டும் தனியாக, புதுத் தூக்கில், முந்திரி மேலே மிதக்கக் கொண்டுவந்து வைத்தார். அவர் "தேங்க்ஸ்மா" என்றார். மாலையில் அந்தத் தூக்கு, மூடி திறக்கப்படாமல், காவலாளியின் மேசையில் இருந்தது. அக்கா அதைப் பார்த்தார். "சாருக்கு ஷுகர் இருக்கும்போல" என்றார். அடுத்த ஆண்டு சர்க்கரை குறைத்துச் செய்து கொண்டுவந்தார்.

அன்பில்லாத இடத்தில் அக்கறையைக் கொட்டுவதைவிடக் கொடுமை உண்டா?

சிரிப்பை நிறுத்தியதும் என்ன ஆயிற்று? வாடிக்கையாளர்கள், "ஏம்மா, உடம்பு சரியில்லையா?" என்று கேட்கத் தொடங்கினார்கள். விற்பனை சரிந்தது. எது அவரது முதலோ அதையே அவர் அடக்கிக்கொண்டால், வரவு எங்கிருந்து வரும்? உடனே கண்ணாடி அறையிலிருந்து அழைப்பு. "சேல்ஸ் எறங்கிடுச்சேம்மா. பட்டுல உன்னை இனிமே வைக்க முடியாது." பட்டுப் பிரிவிலிருந்து கீழ்த்தளத்துக்கு, ரவிக்கைத் துணி வெட்டும் மேட்சிங் பிரிவுக்கு மாற்றினார். பட்டில் விற்றால் கிடைத்துக்கொண்டிருந்த சிறு ஊக்கத்தொகையும் அங்கே கிடையாது.

கடைகளில் வேலை செய்கிறவர்கள் உட்கார இருக்கை வேண்டும் என்று சட்டம் வந்ததே, நினைவிருக்கிறதா? நம்மைப் போன்றவர்கள் கேட்டுக் கேட்டு வந்த சட்டம். ஆமாம் அம்மா, கைதட்டுங்கள், அதற்குத் தட்டலாம். எங்கள் கடைக்கும் ஸ்டூல்கள் வந்தன. பிரிவுக்கு இரண்டு. மேட்சிங் பிரிவுக்கு வந்த ஸ்டூல்களின்மேல் அட்டைப்பெட்டிகளை அடுக்கச் சொன்னார் மேனேஜர். இடம் இல்லையாம்! அக்கா முழங்காலைத் தேய்த்துக்கொண்டு நின்றபடியே துணி வெட்டினார். பீர் முஹம்மது அண்ணன்தான் பொறுக்க மாட்டாமல் இறங்கி வந்து பெட்டிகளைத் தூக்கிக் கீழே வைத்துவிட்டு, "உக்காரு தாயி. யாரு கேக்கறாங்கன்னு பாக்கறேன்" என்றார். அண்ணன் போனதும் அக்கா எழுந்து பெட்டிகளைப் பழையபடி அடுக்கிவிட்டார். மேனேஜர் பார்த்தால் கோபித்துக்கொள்வாராம்.

அன்பர்களே, இதற்கெல்லாம் நடுவில் ஒரு வாசல் திறந்தது. அடையாறு காந்தி நகரிலிருந்து தீபிகா மேடம் என்று ஒரு வாடிக்கையாளர் வருவார். கமர் அக்காவைத் தவிர வேறு யாரிடமும் சேலை எடுக்கமாட்டார். அவர் சொந்தமாக ஒரு சேலைக்கடை தொடங்கினார். சிறிய கடை, நல்ல கடை. கீழ்த்தளத்துக்கே தேடி வந்து அக்காவைக் கூப்பிட்டார். பொறுப்பாளர் வேலை. இங்கே வாங்கியதைப்போல் ஏறத்தாழ இரண்டு பங்கு சம்பளம். வாரம் ஒருநாள் விடுமுறை.

நான் துள்ளிக் குதித்தேன். பனகல் பூங்கா நிறுத்தத்தில் பேருந்துக்கு நிற்கும்போது, "எப்பக்கா போறீங்க?" என்றேன். ஒரு பேருந்து வந்தது, போயிற்று.

"போவணும் தங்கம். ஆனா இப்டியே போனா, ஆட்டிட்யூடு செரியில்லாதவ போய்ட்டான்னு ஆயிடும்மா. ஒரு தபா, ஒரே ஒரு தபா அவரு வாயால 'நல்லா பண்றே கமர்'னு சொல்லட்டும். மறுநாளே போய்டறேன்."

"அவர் சொல்லலைன்னா?"

"சொல்லுவாரும்மா. நானும் மனுசிதானே, அவரும் மனுசன்தானே. எத்தினி நாளைக்கு சொல்லாம இருப்பாரு?"

தீபிகா மேடம் ஆடி மாதத்தில் கேட்டார். தீபாவளி வரைக்கும் காத்திருந்தார். பிறகு வேறொருவரைச் சேர்த்துக்கொண்டார். அவர் மேல் என்ன குற்றம்?

இங்கேதான் நான் உங்களைக் கேட்கிறேன். கமர் அக்கா எதற்காகக் காத்திருந்தார்? சம்பளத்துக்காகவா? அது அடையாற்றில் காத்திருந்ததே! பதவிக்காகவா? அதுவும் அங்கேதானே இருந்தது! ஒரு சொல்லுக்காகக் காத்திருந்தார். தன்னைப் பிடிக்காத ஒருவரின் வாயிலிருந்து, பிடித்திருக்கிறது என்று வரப்போகும் ஒரே ஒரு சொல்லுக்காக. அந்தச் சொல் வந்தால் அடுப்பு எரியுமா? வீட்டு வாடகை தீருமா? அறிவுக்குத் தெரிந்தது ஆசைக்குத் தெரியவில்லையே!

அதீபா பன்னிரண்டாம் வகுப்பில் நல்ல மதிப்பெண் வாங்கினாள். பிசியோதெரபி படிக்க வேண்டும் என்பது அவள் கனவு. அம்மாவின் முழங்காலைப் பார்த்துப் பார்த்து வளர்ந்த கனவாக இருக்கலாம். அரசு இடம் மயிரிழையில் தவறியது. தனியார் கல்லூரியின் கட்டணத்தைக் கேட்டதும், ஆசிஃப் அண்ணன் அந்த வாசலிலேயே தண்ணீர் வாங்கிக் குடித்தாராம். உயர்ந்திருக்க வேண்டிய சம்பளம் உயர்ந்திருந்தால், கடன் வாங்கியாவது சமாளித்திருக்கலாம். அந்தச் சம்பளச் சீட்டுக்கு வங்கியில் யார் கடன் கொடுப்பார்கள்? அதீபா மாலைக் கல்லூரியில் வணிகவியல் சேர்ந்தாள். காலையில் ஒரு ஸ்கேன் மையத்தில் வரவேற்பு மேசையில் உட்கார்ந்தாள். ஒரு வார்த்தை குறை சொல்லவில்லை. "பரவால்ல அம்மி" என்றாள். குறை சொல்லியிருந்தால்கூடத் தாயின் பாரம் கொஞ்சம் இறங்கியிருக்கும். அந்தப் "பரவால்ல" இருக்கிறதே, அது அக்காவைப் போட்டு அழுத்தியது.

அப்படியே ஆண்டுகள் போயின. ஒருநாள் இராகவேந்திரன் சாருக்குப் பதவி உயர்வு வந்தது. மதுரைக் கிளைக்குப் பெரிய மேனேஜராக மாற்றம். மதியம் சாப்பாட்டுக் கூடத்தில் சமோசா, டீ, ஒரு சால்வை. எல்லாரும் அவரைப் பாராட்டிப் பேசினார்கள், நானும் பேசினேன். எனக்கு அவர் நல்லவராகத்தானே இருந்தார்! கூட்டம் கலைந்ததும், ஊழியர்கள் சேர்ந்து வாங்கிய பரிசுப் பொட்டலத்தைக் கொடுக்கக் கண்ணாடி அறைக்குப் போனேன். எனக்குப் பின்னாலேயே கமர் அக்கா வந்தார்.

"சார், நீங்க போறீங்கோ. இனிமே எனுக்கு மேல நீங்க இல்ல. அதனால கேக்கறேன். கோச்சிக்காம சொல்லுங்க. என் கிட்ட இன்னா தப்பு?"

அவர் அட்டைப்பெட்டியில் தம் பொருள்களை அடுக்கிக்கொண்டிருந்தார். நிமிர்ந்து பார்த்தார். மழுப்புவார் என்று நினைத்தேன். மழுப்பவில்லை. போகிறவருக்கு மழுப்ப என்ன தேவை?

"தப்புன்னு எதுவும் இல்லம்மா. மொத நாள்லேர்ந்தே என்னவோ பிடிக்கல. அவ்வளவுதான். வருஷாவருஷம் மேலேர்ந்து ஒரு தொகை சொல்லுவாங்க. யாருக்காவது குறைச்சாத்தான் யாருக்காவது கூட்டிக் குடுக்க முடியும். குறைக்கணும்னு வரப்ப உன் பேர்தான் மொதல்ல கைக்கு வரும். நீயும் வேலைய விட்டுப் போகமாட்டேன்னு தெரியும்."

கேட்டீர்களா? பெருங்குற்றம் ஒன்றுமில்லை. பெரும்பகை ஒன்றுமில்லை. காரணமே இல்லை! இத்தனை காலம் அக்கா தேடித் தேடித் தேய்ந்த காரணம், திருத்தித் திருத்தித் தோற்ற குற்றம், அப்படி ஒன்று இருந்ததே இல்லை. ஏதோ பிடிக்கவில்லை. பிடிக்காதவள் போகவும் மாட்டாள். ஆகவே குறைப்பது வசதி!

அக்கா கத்தவில்லை. அழவில்லை. "செரி சார், மதுரைல வெயில் ஜாஸ்தி, பாத்துக்கோங்க" என்றார். கீழ்த்தளத்துக்கு இறங்கினார். ஒரு பெண் கத்தரிப்பூ நிறத்துக்கு மேட்சிங் கேட்டுக்கொண்டு நின்றாள், வெட்டிக் கொடுத்தார். கத்தரிக்கோல் பிசகவில்லை.

வேலை முடிந்து நிறுத்தத்துக்கு நடந்தபோதுதான் பேசினார். "பிடிக்கலன்னு மொத வருசமே சொல்லியிருந்தா போய்ட்டு இருப்பேனே தங்கம்" என்றார். கொஞ்ச தூரம் நடந்தோம். மறுபடி அவரே சொன்னார். "அவரு சொல்லணும்னு இன்னா கீது? எனுக்கே தெரிஞ்சுகினுதான் இருந்துச்சு."

அந்த நிமிடம் அவர் தோளில் கைபோட எனக்குத் தோன்றவில்லை. சாலையைப் பார்த்துக்கொண்டு நடந்தேன்.

புதிய மேனேஜர் வந்தார். நியாயமானவர். கமர் அக்காவை மீண்டும் பட்டுக்குக் கொண்டுவந்தார், எல்லாருக்கும் கொடுத்த உயர்வை அவருக்கும் கொடுத்தார். நல்ல முடிவுதானே என்பீர்கள். எந்தச் சம்பளத்தின்மேல் உயர்வு? இத்தனை காலமாக வெட்டி வெட்டிக் குட்டையாக்கிய அந்தச் சம்பளத்தின்மேல்! அடித்தளமே பள்ளத்தில் இருந்தால் மாடி எவ்வளவு உயரும்? சேமநிதியும் அந்தக் கணக்கில்தான், பணிக்கொடையும் அந்தக் கணக்கில்தான். சிரிக்கவும் முயன்று பார்த்தார். முகம் மறந்துவிட்டது. முழங்காலும் முடியாது என்று சொல்லிவிட்டது. சென்ற ஆண்டு வேலையை விட்டுவிட்டார். இப்போது ராயப்பேட்டையில் வீட்டில் உட்கார்ந்து சேலைகளுக்கு ஃபால்ஸ் தைக்கிறார்.

இவ்வளவுதான் நடந்தது. கொலை இல்லை, கொள்ளை இல்லை. எந்தக் காவல் நிலையத்திலும் பதிவாகாத நட்டம். ஆனால் ஒரு வீடு அதில் நனைந்து ஊறிப்போய்விட்டது.

பெரியோரே, பிடித்தவருக்குக் கொடுப்பதன் பெயர் பரிசு. உழைத்தவருக்குக் கொடுப்பதன் பெயர் கூலி. பரிசு கொடுப்பவர் மனத்தைப் பொறுத்தது. மறுக்க அவருக்கு உரிமை உண்டு. கூலி வாங்குபவர் வியர்வையைப் பொறுத்தது. மறுக்க எவருக்கும் உரிமை இல்லை! நம்மை ஒருவருக்குப் பிடிக்காமல் போகலாம். போகட்டுமே! நம் மூக்கு பிடிக்காமல் போகலாம், நாக்கு பிடிக்காமல் போகலாம், நடை பிடிக்காமல் போகலாம். நமக்கு மட்டும் எல்லாரையும் பிடித்துவிடுகிறதா என்ன? பிடிக்காதவளாகவே இருந்துவிட்டுப் போகிறேன், என் கூலியை எடுத்து வை! பிடிக்காதவளுக்கும் பசிக்கும். பிடிக்காதவளுக்கும் வாடகை உண்டு. பிடிக்காதவளுக்கும் உண்டு கூலி!

இருங்கள், இருங்கள். கைதட்டல் போதும். கைதட்டலோடு வீட்டுக்குப் போவதற்காக நான் இதைச் சொல்லவில்லை.

நான்காவது வரிசையில், நீலச் சுடிதாரில், தலையைக் குனிந்துகொண்டு ஒரு பெண் உட்கார்ந்திருக்கிறாள். ஸ்நேஹா. எங்கள் கடையில் குழந்தைகள் ஆடைப் பிரிவு. அவளிடம் கேட்டுக்கொண்டுதான் சொல்கிறேன். இரண்டு ஆண்டாக அவளுக்கு உயர்வு இல்லை. சூப்பர்வைசரிடம் கேட்டதற்கு என்ன பதில் தெரியுமா? "உன் அப்ரோச் சரியில்ல." சொல் மாறிவிட்டது, சோகம் மாறவில்லை! போன வாரம் அவள் என்னிடம் வந்து, "அக்கா, சூப்பர்வைசர் அண்ணன் பொறந்தநாளுக்கு ஒரு சட்டை வாங்கிக் குடுத்தா சரியாயிடுமா?" என்று கேட்டாள். எனக்கு அந்தப் பாயசத் தூக்கு நினைவுக்கு வந்தது.

ஆகவே, வருகிற வெள்ளிக்கிழமை காலை, கடை திறக்குமுன், நம் சங்கம் எங்கள் கடை நிர்வாகத்தைச் சந்திக்கிறது. எங்களை உங்களுக்குப் பிடிக்க வேண்டும் என்று கேட்கப் போவதில்லை. உயர்வு எந்த அடிப்படையில் என்று எல்லார் முன்னாலும் சொல்லுங்கள். குறைத்தால் என்ன காரணத்துக்காகக் குறைத்தீர்கள் என்று அவரிடமே சொல்லுங்கள். பிடிக்கவில்லை என்பது காரணம் ஆகாது. இதைத்தான் கேட்கப் போகிறோம்.

என்ன தம்பி? சத்தமாகச் சொல்லுங்கள், எல்லாருக்கும் கேட்கட்டும்.

"அக்கா, கூட வர்றவங்களையும் வேலைய வுட்டு தூக்கிட்டாங்கன்னா இன்னா பண்றது?"

நல்ல கேள்வி. மேடைக்காக ஒரு பதில் வைத்திருக்கிறேன்; உங்களுக்காக உண்மையைச் சொல்கிறேன். தூக்கலாம், தம்பி. என்னையும் தூக்கலாம். தலைவர் அண்ணன் கோர்ட்டுக்குப் போவார், நாங்கள் கூட நிற்போம், ஆனால் நாள் ஆகும். தூக்கமாட்டார்கள் என்று பொய் சொல்லி உங்களைக் கூட்டிப்போக எனக்கு மனம் வரவில்லை. ஆனால் ஒன்று சொல்கிறேன். கமர் அக்காவை யாரும் வேலையை விட்டுத் தூக்கவில்லை. வேலை பத்திரமாகத்தான் இருந்தது. வேலையைத் தவிர மற்றதெல்லாம் போயிற்று.

வருகிறவர்கள் கையைத் தூக்குங்கள் என்று கேட்கமாட்டேன். கூட்டத்தில் தூக்கிய கை காலையில் வலிக்கும். வெள்ளிக்கிழமை காலை பனகல் பூங்கா வாசலில் நானும் ஸ்நேஹாவும் நிற்போம். வருவோர் வாருங்கள். வர முடியாதவர்கள் மேல் எனக்கு வருத்தமில்லை; உங்கள் வீட்டு அடுப்பின் சூடு உங்களுக்குத்தான் தெரியும்.

தலைவர் கடிகாரத்தைத் தட்டிக் காட்டுகிறார். முடித்துவிடுகிறேன், அண்ணே.

இந்த மேடையில் பேசட்டுமா என்று கேட்கப் போன வாரம் ராயப்பேட்டைக்குப் போனேன். "நீங்களே வந்து பேசுங்கக்கா" என்றேன். ஊசியில் நூல் கோத்துக்கொண்டே, வரமாட்டேன் என்று தலையசைத்தார்.

"நீயே சொல்லு தங்கம். பேரோட சொல்லு, பரவால்ல. ஆனா அவர திட்டாத. அவரு எனுக்கு செஞ்சது அவரோட போவட்டும். நான் எனுக்கு செஞ்சத சொல்லு. பதினோரு வருசம் அந்த ஆளு மூஞ்சியவே பாத்துகினு இருந்துட்டேன்மா. இன்னிக்கி சிரிப்பாரா, நாளிக்கி சிரிப்பாரான்னு. அந்த நேரத்துல என் பொண்ணு எப்போ வளந்தான்னே எனுக்கு தெரில."

ஸ்நேஹா, தலையை நிமிர்த்து, அம்மா. அந்தச் சட்டையை வாங்காதே.

இவ்வளவு நேரம் செவி தந்து, சிலர் கண்ணீரும் தந்த அவைக்கு என் நன்றி. ஒலிபெருக்கி வைத்த தம்பிக்கும், இதோ கதவருகே டீத் தூக்கோடு என் பேச்சு முடியக் காத்து நிற்கும் அன்பருக்கும் நன்றி. கடைக்கு நேரமாகிவிட்டது, கால் வலிக்காத நாளாக இந்த நாள் உங்களுக்கு அமையட்டும். வெள்ளிக்கிழமை வருவோர்க்கும், வர இயலாதோர்க்கும், வீட்டிலிருந்து வாழ்த்துவோர்க்கும், எல்லார்க்கும் என் வணக்கம்.